மாஸ்டா மியாட்டா: 1.6 இன்ஜினை எடுத்துவிட்டு வீட்டிலேயே 1.8 மாட்டுவது எப்படி

1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை மியாட்டாவில் (எம்எக்ஸ்-5 என்பதும் இதுதான்) இருப்பது 1.6 லிட்டர் பி6 இன்ஜின். அமெரிக்க வண்டியில் 116 குதிரைத்திறன். 1994 மாடலில் 1.8 லிட்டர் பிபி இன்ஜின் வந்தது, 128. 1996-இல் அது 133 ஆனது. காகிதத்தில் வித்தியாசம் சொற்பம்தான். மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறிப் பார்த்தால் புரியும்.

இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின்கள். பழைய கியர்பாக்ஸ் அப்படியே சேரும், மவுண்ட் உட்காரும் இடமும் அதேதான், வெல்டிங் தேவையில்லை. எனவே போல்ட் வேலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாட்டி முடித்தபின் வண்டி மல்லுக்கட்டினால் காரணம் பெரும்பாலும் வயரிங்கிலும் காற்று மீட்டரிலும்தான் இருக்கும். அதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன். "வி8 போடலாமே" என்பவர்களுக்கு: சப்ஃபிரேம், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் மாறும். முதல் இன்ஜின் மாற்றமாக அதைத் தொடாதீர்கள்.

எந்த இன்ஜின் வாங்குவது

1994 முதல் 1997 வரையிலான 1.8. 1999-க்குப் பிந்தைய இன்ஜினின் ஹெட் இன்னும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதில் சென்சார் ஏற்பாடே வேறு. 2001 முதல் வந்ததில் வால்வ் டைமிங்கையும் கம்ப்யூட்டர் மாற்றும். பழைய 1.6 கம்ப்யூட்டருக்கு அது எதுவும் தெரியாது.

வெறும் இன்ஜினாக வாங்காமல் இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள், டவுன்பைப், மவுண்ட் கைகள், பிளைவீல் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். 1.8-இன் கிளட்ச் 215 மி.மீ., பழையது 200 மி.மீ. இரண்டு பிளைவீலும் இந்த கிராங்கில் ஏறும் என்றாலும் பெரியதைப் போடுவதே புத்திசாலித்தனம். அதே வண்டியில் முன் பிரேக்கும் கிடைத்தால் விடாதீர்கள்: பழைய டிஸ்க் 235 மி.மீ., 1.8-இல் 255.

கழற்றுவது

முதல் வேலை பெட்ரோல் அழுத்தத்தை இறக்குவது. வண்டி ஓடும்போதே பம்ப் ரிலேயின் இணைப்பைப் பிடுங்கினால் தானாக அணையும். பிறகு டிக்கியில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பானெட், ரேடியேட்டர், ஃபேன், காற்றுக் குழாய் போனதும் இடம் தாராளமாகிவிடும். பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர் இரண்டையும் குழாயோடு ஓரமாகக் கட்டி வையுங்கள், அவற்றைத் திறக்க வேண்டியதில்லை. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் அப்படித்தான். அது தொங்கும்போது யாரும் கிளட்ச் பெடலை மிதித்துவிடக் கூடாது.

இன்ஜினை மட்டும் தனியாக எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். கியர்பாக்ஸின் மேல் போல்ட்டுகள் ஃபயர்வாலுக்கு அருகே ஒளிந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகத் தூக்குங்கள். அதற்கு உள்ளே கியர் லீவரையும், கீழே ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினிய பிபிஎஃப் சட்டத்தையும் எடுக்க வேண்டும். கியர் ஆயிலை முன்பே வடித்துவிடுங்கள். இல்லையென்றால் சாய்க்கும்போது பின்வழியாக இரண்டு லிட்டரும் தரையில்தான்.

கருவிகளில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத ஒன்று லோட் லெவலர், அதாவது கிரேனில் தொங்கும் இன்ஜினின் சாய்வை மாற்றும் கருவி. கிரேனை வாடகைக்கு எடுங்கள், லெவலரைச் சொந்தமாக வாங்குங்கள். இன்ஜின் செங்குத்தாகச் சாய்ந்துதான் வெளியே வரும். சங்கிலியை மட்டும் வைத்து அந்தச் சாய்வைக் கட்டுப்படுத்த முடியாது.

வெளியே இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் ஆயில் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், ஃபயர்வால் பக்கத்து ஹீட்டர் ஹோஸ்கள். வண்டிக்குள் போனபின் இவற்றில் எதைத் தொட்டாலும் அரை நாள் போகும். பெல்ட் போடும்போது கேம் கப்பிகளின் I, E குறிகளுக்கு இடையே 19 பல் இருக்க வேண்டும். கிராங்க் போல்ட் 157–167 நியூட்டன் மீட்டர், பிளைவீல் போல்ட் 96–103. பிளைவீல் போல்ட்டின் மரையில் சீலன்ட் தடவுங்கள்.

சின்ன விஷயம், பலர் விட்டுவிடுவது: ஆரம்பகால மியாட்டாவின் ஆயில் பிரஷர் மீட்டர் நிஜமான அளவைக் காட்டும். 1995 முதல் வந்ததில் ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டுமே. 1995–97 இன்ஜின் என்றால் பழைய 1.6-இன் சென்டரை (மீட்டருக்கு அளவை அனுப்பும் சென்சார்) கழற்றி இதில் போடுங்கள். அது இன்டேக்குக்கு அடியில் இருக்கிறது, இப்போதுதான் கைக்கு எட்டும். பொதுவான விதி இதுதான்: வயரிங் எந்த வண்டியுடையதோ சென்சாரும் அந்த வண்டியுடையதாக இருக்கட்டும். ஹெட்டின் பின்னால் இருந்து கேம்ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாருக்கும் இது பொருந்தும். அதன் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள், இந்த இன்ஜின்களில் ஆயில் கசிவுக்குப் பேர்போன இடம் அது.

மாட்டுவது

எடுத்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். நிதானம் வேண்டிய இடம் பிபிஎஃப். போல்ட்டை (104–124 நியூட்டன் மீட்டர்) முறுக்கிவிட்டால் போதாது, கியர்பாக்ஸின் வால் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். கழற்றும் முன்பே பக்கத்துச் சட்டங்களுக்குக் குறுக்காக நேரான கம்பி வைத்து, அதிலிருந்து பிபிஎஃப் அடிப்பகுதி வரையுள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தபின் முறுக்குங்கள். இதை விட்டால் வேகத்தில் இருக்கை அதிரும், குற்றமில்லாத டயரை பேலன்ஸ் செய்து பணம் போகும்.

காற்று மீட்டர் என்னும் தலைவலி

1.6-இல் காற்றை அளப்பது கதவு போன்ற ஒரு தகடு. காற்று உள்ளே போகும்போது அது திறக்கும், திறந்த அளவைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தீர்மானிக்கும். 1.8-இல் அந்த இடத்தில் சூடான கம்பி. இரண்டையும் மாற்றி மாட்ட முடியாது. பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்தால் பழைய மீட்டரும் இருந்தாக வேண்டும்.

அப்படி வைத்தால் வண்டி ஓடும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் கலவையைச் சரிக்கட்டிவிடும். ஆனால் முழு ஆக்ஸிலரேட்டரில் அதன் பேச்சைக் கம்ப்யூட்டர் கேட்பதில்லை. பெரிய இன்ஜின் இழுக்கும் காற்றுக்கு அந்தத் தகடு ரெட்லைனுக்கு முன்பே முழுதாகத் திறந்து நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பெட்ரோல் குறையும், நாக்கிங் வரும். கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்றைப் போட்டு, முழு ஆக்ஸிலரேட்டரில் கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது) 12.5–13 அருகே நிற்கிறதா என்று பார்க்காமல் அழுத்தி ஓட்டாதீர்கள். நிரந்தரத் தீர்வு மெகாஸ்கிவிர்ட் போன்ற தனிக் கம்ப்யூட்டர். என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1.6-இன் காற்று மீட்டருக்குள் பெட்ரோல் பம்பின் சுவிட்சும் சேர்ந்திருக்கிறது. தகடு அசைந்தால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும். மீட்டரைத் தூக்கி எறிந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் பிடிக்கும், சாவியை விட்டதும் அணைந்துவிடும். பிளக், காயில் என்று தேடி அலைய வேண்டாம். டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி இரண்டையும் ஒரு வயரால் இணைத்துப் பாருங்கள். இன்ஜின் நின்று ஓடினால் குற்றவாளி அதுதான். பம்ப் ரிலேயைப் புதிய கம்ப்யூட்டரே இயக்கும்படி வயரிங்கை மாற்றுங்கள். அந்த இணைப்பை நிரந்தரமாக விட்டுவைப்பது ஆபத்து: விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் 3.8 லிட்டர், கூலன்ட் சுமார் 6 லிட்டர், கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 இரண்டு லிட்டர். கேம் ஆங்கிள் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பொறியும் வராது, பெட்ரோலும் பாயாது. அப்படியே ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழுந்தபின் பிளக்கை மாட்டுங்கள். முதல் சில நிமிடம் டிக்டிக் சத்தம் கேட்டால் அது ஹைட்ராலிக் லிஃப்டர், ஆயில் நிறைந்ததும் அடங்கும்.

பழைய கம்ப்யூட்டர் என்றால், இன்ஜின் சூடானதும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் இணைத்து, ஐடிலில் 850 ஆர்பிஎம் வைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி வரும்வரை கேம் ஆங்கிள் சென்சாரைத் திருப்புங்கள்.

பின்னர் சேர்த்தது

டிஃபரன்ஷியலையும் மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். 1.6-இல் இருப்பது 6 அங்குலம், டர்போ இல்லாத 1.8-ஐ நிதானமாக ஓட்டினால் தாங்கும். கிளட்சை உதைத்து விடுபவர்கள் 1.8-இன் 7 அங்குலத்தைப் போடுங்கள். அதற்கு ஆக்ஸில் ஷாஃப்டுகளும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் 1.8-இலிருந்தே வர வேண்டும், தனியாக வாங்கினால் பொருந்தாது.

இன்னொரு கேள்வி, அமெரிக்க 1.8-இல் வரும் ஈஜிஆர் வால்வ் (புகையைக் குறைக்க எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது). 1.6 கம்ப்யூட்டருக்கு அது தெரியாது என்பதால் தகடு போட்டு அடைப்பது வழக்கம். ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் வண்டிக்குச் சரி. கலிஃபோர்னியாவில் சாலையில் ஓடும் வண்டி என்றால், மாற்றிய இன்ஜினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அனைத்தும் வேலை செய்ய வேண்டும், ரெஃப்ரியிடம் (இப்படி மாற்றிய வண்டிகளைச் சோதிக்கும் அந்த மாநிலத்தின் புகைச் சோதனை மையம்) காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் ஈஜிஆரையும் 1.8-இன் கம்ப்யூட்டரையும் வயரிங்கையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.