மார்ச்சில் பறிபோகும் ஒரு மணி நேரம்: டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் இங்கே வந்த முதல் மார்ச்சில், ஞாயிறு காலை ஏழு மணி வேலைக்கு எட்டு மணிக்குப் போய் நின்றேன். சுவர்க்கடிகாரத்தை நம்பிப் புறப்பட்டதுதான் காரணம். அன்றைய ஒரு மணி நேரச் சம்பளம் போனது. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

கோடையில் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க இங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். இதற்கு டேலைட் சேவிங் டைம் என்று பெயர். மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி, நேராக 3 மணியாகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு 2 மணி, திரும்ப 1 மணியாகும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும். அடுப்பு, மைக்ரோவேவ், பழைய கார் இவற்றிலெல்லாம் நாம்தான் மாற்ற வேண்டும். சனி இரவு படுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மார்ச்சில் வியாழனிலிருந்தே கால் மணி நேரம் முன்னதாகத் தூங்க வையுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை எழுப்புவது பெரும்பாடு.

ஊரில் கடிகாரம் அசைவதில்லை. அம்மா இரவு எட்டு மணிக்கு உங்கள் போனுக்குக் காத்திருந்தால், குளிர்காலத்தில் இங்கே காலை 9.30, கோடையில் 10.30. அப்புறம், ஊர் நாட்காட்டியில் பார்த்த ராகுகாலமும் இங்கே பொருந்தாது. கோடையில் டொராண்டோவில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒன்றேகால் வாக்கில்தான். இந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

"இதெல்லாம் விவசாயிகளுக்காக" என்று யாராவது சொல்வார்கள். நானும் நெடுநாள் நம்பினேன். உண்மையில் இதைக் கடுமையாக எதிர்த்தவர்களே விவசாயிகள்தான். பால் மாட்டுக்கு மணி தெரியுமா? பழகிய நேரத்துக்குத்தான் அதற்கு மடி கனக்கும். பால் வண்டியோ புது நேரத்துக்கு வந்து நிற்கும். தீவனப் புல்லை ஈரம் காயாமல் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். புல்மேல் பனி காய்வது வெயிலைப் பொறுத்தது. கூலியாட்கள் கடிகாரப்படி வந்து, பனி காயும்வரை சும்மா நின்று, வேலை சூடுபிடித்த நேரத்தில் மணியாயிற்று என்று கிளம்பிவிடுவார்கள். நஷ்டம் யாருக்கு? அமெரிக்காவில் 1918இல் போர்க்காலத்தில் வந்த இந்த ஏற்பாட்டை, அதிபர் வில்சன் தடுத்தும் கேட்காமல் 1919இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து செய்தது. அதற்குப் பின்னால் இருந்த பெரிய குரல் விவசாயிகளுடையது.

இதற்கு ஆசைப்பட்டது நகரவாசிகள்தான். நம் ஒன்டாரியோவின் போர்ட் ஆர்தர், அதாவது இன்றைய தண்டர் பே, 1908 கோடையிலேயே மாலை வெளிச்சத்துக்காகக் கடிகாரத்தை முன்தள்ளியது. ஜெர்மனி 1916இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது போர்க்காலத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க.

கோதுமை விளையும் சஸ்காட்செவன் மாகாணத்தில் பெரும்பாலான ஊர்கள் இன்றும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அங்குள்ள ரெஜைனாவில் சொந்தக்காரர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், கோடையில் இரண்டு மணி நேரம்.