வெப்பம் தொலைநோக்கி ஆடியை எவ்வளவு வளைக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

வெப்பநிலை எங்கே எவ்வளவு, அதனால் பாகங்கள் எவ்வளவு நெளிகின்றன, அந்த நெளிவு பிம்பத்தை என்ன செய்கிறது: ஒளியியல் கருவிக்கு இந்த மூன்றையும் வரிசையாகக் கணக்கிட வேண்டும். 200 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. குவியதூரமும் உள்ள நியூட்டன் தொலைநோக்கியை (குழிந்த ஆடியால் ஒளியைக் குவிக்கும் வகை) எடுத்துக்கொள்வோம். ஆடி 25 மி.மீ. தடிமனுள்ள போரோசிலிகேட் கண்ணாடி, குழாய் அலுமினியம்.

படி 1: எவ்வளவு பிசகலாம்?

குவியம் முன்னும் பின்னும் நகரக்கூடிய அளவு = 2 × அலைநீளம் × குவிய விகிதத்தின் வர்க்கம். குவிய விகிதம் என்பது குவியதூரம் ÷ விட்டம், இங்கே 1000 ÷ 200 = 5. பச்சை ஒளிக்கு 2 × 0.55 × 25 = 27.5 மைக்ரான் (மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த எண்ணை எழுதி வைத்த பிறகே மென்பொருளைத் திறவுங்கள். இல்லாவிட்டால் திரையில் வரும் வண்ணப் படம் நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே தெரியாது.

படி 2: சீரான குளிர்ச்சி

இரவில் 10 டிகிரி குறைகிறது. அலுமினியம் மீட்டருக்கு டிகிரிக்கு 23 மைக்ரான் சுருங்கும். ஆகக் குழாய் 230 மைக்ரான் குறையும். கண்ணாடிக்கு அந்த எண் 3.3, எனவே குவியதூரம் 33 மைக்ரான் குறையும். வித்தியாசம் 197. ஃபோகஸரை (குவியத்தைச் சரிசெய்யும் திருகு அமைப்பு) திருகிச் சரிசெய்துவிடலாம். ஆடியும் தாங்கியும் ஒரே பொருளாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 2003-ல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியை ஏறக்குறைய முழுக்கப் பெரிலியத்தில் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: சீரற்ற குளிர்ச்சி

என் பார்வையில் இதுதான் முக்கியமான படி. ஆடியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 1 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். வளைவு மாற்றம் = விரிவு எண் (படி 2-ல் கண்ணாடிக்குச் சொன்ன 3.3) × வெப்பநிலை வித்தியாசம் ÷ தடிமன். ஆடியின் வளைவு ஆரம் 2000 மி.மீ. என்பதால் குவியம் சுமார் 264 மைக்ரான் நகர்கிறது. குழாய் 10 டிகிரி குளிர்ந்ததைவிட இது அதிகம்! சராசரி வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

படி 4: மென்பொருளில்

பாகங்களை வரைய இலவச ஃப்ரீகேட்டும், நெளிவைக் கணக்கிட அதனுள் வரும் கால்குலிக்ஸும் போதும். தடிமன் நெடுக நான்கு அடுக்காவது இருக்கும்படி மெஷ் போடுங்கள், அதாவது ஆடியைச் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். அடிப்பரப்பு முழுவதையும் இறுக்கிப் பூட்டாதீர்கள். நிஜத்தில் இல்லாத தகைவு (பொருளுக்குள் எழும் இழுவிசை, அழுத்தம்) வந்துவிடும். ஆடி நகராமலும் சுழலாமலும் இருக்க மூன்று புள்ளிகளில் மொத்தம் ஆறு கட்டுப்பாடுகள், அவ்வளவுதான்.

இப்போது படி 3-ன் 1 டிகிரியைக் கொடுத்துப் பாருங்கள். தகைவு ஏறக்குறைய பூஜ்யம், ஆனால் நடுவுக்கும் விளிம்புக்கும் 0.66 மைக்ரான் வளைவு வரவேண்டும். வந்தால் மாதிரி சரி. தகைவே இல்லாமல் பிம்பம் கெடும் என்பதால், முதலில் இடப்பெயர்ச்சியைப் பாருங்கள்.

படி 5: அலைமுகத்துக்கு (ஒளி அலையின் முன்பரப்பு வடிவத்துக்கு) மாற்றுதல்

முன்பரப்பின் இடப்பெயர்ச்சிகளைப் பைத்தான் நிரலுக்கு எடுத்துவந்து, செர்னிக்கே கோவைகளை (வட்டப் பரப்பின் நெளிவைச் சாய்வு, குவிய மாற்றம் போன்ற அடிப்படை வடிவங்களாகப் பிரிக்கும் சூத்திரங்கள்) பொருத்துங்கள். மொத்த நகர்வு, சாய்வு, குவிய மாற்றம் மூன்றையும் கழியுங்கள். அவற்றைத் திருகாணியால் சரிசெய்யலாம். மிச்சத்தை இரட்டிப்பாக்குங்கள், ஒளி ஆடிக்குப் போய்த் திரும்புகிறதல்லவா? அதன் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே கால் அலைநீளம், அதாவது சுமார் 137 நானோமீட்டர், தாண்டக்கூடாது. அப்புறம் ஆடியின் பிடிமானத்தையும் மாதிரியில் சேர்த்து ஓட்டுங்கள். மிச்சத்தில் மூவிதழ் வடிவம் தெரிந்தால் பிடிகள் ஆடியைக் கிள்ளுகின்றன. இடைவெளி கூட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.