ஐம்பதைக் கடந்தவர்கள் தடித்த ஸ்வெட்டரைப் பாந்தமாக அணிவது எப்படி?

தடித்த ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் தெரியும் உருவம் பிடிக்காமல் கழற்றி வைத்துவிட்டு, மெல்லியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நடுங்கும் பெண்கள் இந்த டொராண்டோ நகரில் ஏராளம். அவர்களில் பலர் என்னைப் போல் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இடுப்பு சற்றுப் பருப்பதும், மார்பு சற்று இறங்குவதும், தோள்கள் முன்பக்கம் வளைவதும் இயல்புதான் என்றாலும், பழியை எல்லாம் நூலின் தடிமன்மீது போட்டுவிடுகிறோம். நான் போட்டுப் பார்த்து அறிந்த வரையில், நூல் எவ்வளவு தடிப்பு என்பதைவிட, ஸ்வெட்டரின் தோள் தையலும் கீழ் ஓரமும் உடம்பில் எந்த இடத்தில் வந்து முடிகின்றன என்பதே தோற்றத்தைத் தீர்மானிக்கிறது.

தேவையானவை: தையற்காரர்கள் கழுத்தில் போட்டிருக்கும் துணி இஞ்ச் டேப், முழு உயரக் கண்ணாடி, ஒரு பழைய துப்பட்டா, செல்பேசி. படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து எடுக்கச் சொல்வதைவிட, செல்பேசியை மார்பு உயரத்தில் அலமாரித் தட்டில் சாய்த்து வைத்து டைமரில் எடுப்பதையே நான் விரும்புகிறேன். உயரமானவர்கள் மேலிருந்து எடுக்கும் படத்தில் மேலுடம்பு பெருத்தும் கால்கள் குறுகியும் தெரிவதால், நல்ல ஸ்வெட்டரும் அநியாயமாகத் தள்ளுபடியாகிவிடும்.

முதல் படி: தடிமனை அறிதல்

உல்லன் நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் 0 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். 4 என்றால் நடுத்தரம், 5 தடித்தது, 6 மிகத் தடித்தது, 7 அதற்கும் மேல். கடையில் வாங்கும் ஸ்வெட்டரில் இந்த எண் இருக்காது என்பதால், டேப்பை வைத்து 10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள் (பின்னலில் V வடிவில் தெரியும் வளையங்கள்) இருக்கின்றன என்று எண்ணுங்கள். 12 முதல் 15 வரை இருந்தால் அது ஏறத்தாழ 5ஆம் எண் நூல். 7 முதல் 11 வரை இருந்தால் 6ஆம் எண். முதன்முதலாக வாங்குபவர்கள் 5ஆம் எண்ணோடு நின்றுகொள்வது நல்லது. 7ஆம் எண்ணில் பின்னியவை படத்தில் அழகாக இருக்கும். அதன்மேல் குளிர்கோட்டை மாட்டிப் பார்த்தால் கை முழங்கையைத் தாண்டி இறங்காது.

நூல் வகையில் என் ஓட்டு செம்மறியாட்டுக் கம்பளிக்குத்தான். அல்பாக்கா என்ற தென்னமெரிக்க விலங்கின் உரோமம் மென்மையானது, ஆனால் தன் எடையாலேயே தொங்கி நீண்டுவிடும். அங்கோரா வெள்ளாட்டின் உரோமமான மொஹேர் லேசானது, எனினும் அதன் இழைகள் சிலிர்த்து நிற்பதால் உடம்பின் விளிம்பு மங்கி, இருப்பதைவிட அகலமாகக் காட்டும்.

இரண்டாம் படி: அளவு

“உள்ளே இன்னொன்று போட வேண்டியிருக்கும், ஒரு சைஸ் பெரிதாகவே இருக்கட்டும்” என்று அம்மாக்களுக்கு வாங்கித் தரும் பிள்ளைகளே, தயவுசெய்து நிறுத்துங்கள். கணக்கு எளிது. துணியின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால், உடம்பை ஒட்டிப் பிடித்தாலுங்கூட வெளிச்சுற்றளவில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தானாகவே கூடிவிடுகிறது. அதன்மேல் ஒரு சைஸையும் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்வெட்டரைத் தட்டையாக விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த எண் உங்கள் மார்புச் சுற்றளவைவிட 8 முதல் 10 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதுமானது. உள்ளே திருப்பூர் பனியன் துணியில் தைத்த மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று தாராளமாக அடங்கும். மார்பை அளக்கும்போது, நாள்தோறும் அணியும் உள்ளாடையோடு அளக்கவும். அது தளர்ந்துபோனதாக இருந்தால் ஸ்வெட்டருக்கு முன்னால் அதை மாற்றுவதே முறை.

மூன்றாம் படி: தோள்

தோள் தையல், கையும் தோளும் சேரும் எலும்பின்மேல் உட்கார வேண்டும். தற்போது கடைகளில் மிகுதியாகக் கிடைப்பவை, தையல் மேற்கையில் பாதிவரை இறங்கிவரும் தொங்குதோள் வகை. மெல்லிய துணியில் அது மடிந்து விழும். தடித்த பின்னலில் மடிய இடமின்றி, மிச்சத் துணி முழுவதும் அக்குளில் திரண்டு, அடக்கமான மார்பையும் பெருத்துக் காட்டும். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் ஓடும் ராக்லன் வகை அகன்ற தோள்காரர்களுக்குப் பொருந்தும். ஏற்கெனவே சரிந்த தோள் உள்ளவர்களை அது இன்னும் சரித்துக் காட்டும். ஐஸ்லாந்து ஸ்வெட்டர்களில் கழுத்தைச் சுற்றி வட்டமாக வரும் வண்ணக் கோலம், பார்ப்பவர் கண்ணை இடுப்பிலிருந்து முகத்துக்கு இழுத்துவிடுவதால், கீழுடம்பு கனத்தவர்களுக்கு அதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

அயர்லாந்தின் ஆரன் தீவுகளின் பெயரால் அறியப்படும் முறுக்குப் பின்னலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலிருந்து கீழாக ஓடும் முறுக்குகள் ஒடுக்கிக் காட்டும் என்பது பாதி உண்மை. பெரிய முறுக்கு ஒன்று மார்பின் உச்சியில் ஏறி இறங்கினால், அந்த இடத்தில் மட்டும் அது அகன்று பிளந்து, மேலும் கீழும் இறுகி நிற்கும். நடுவில் இரண்டு ஒல்லியான முறுக்குகளும் பக்கங்களில் வெற்றுப் பின்னலும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: கீழ் ஓரம் எங்கே நிற்க வேண்டும்?

அளவும் தோளும் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று இடிக்கிறது என்ற நிலையில், எனக்கு வெகுகாலம் பிடிபடாமல் போக்குக் காட்டியது இந்தப் படிதான். ஆகவே இதை நிதானமாகச் செய்யுங்கள்.

ஸ்வெட்டரின் கீழ் ஓரம் உடம்பின்மேல் ஒரு படுக்கைக் கோடு போடுகிறது. கோடு விழும் இடத்தின் அகலமே மொத்த உடம்பின் அகலமாகக் கண்ணுக்குப் படுகிறது. கடை ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை இடுப்பெலும்புக்குக் கீழே, புட்டத்தின் மிக அகன்ற பகுதியில் வந்து முடிகின்றன. போதாக்குறைக்கு அங்கேயே ரிப் (வரிவரியாக இறுகி நிற்கும் ஓரப் பின்னல்) வைத்துப் பின்னியிருப்பதால் ஓரம் இறுகிப் பிடிக்க, அதற்கு மேலுள்ள துணி உப்பிக்கொள்கிறது.

துப்பட்டாவை நான்காக மடித்துத் தடித்த பட்டையாக்கி, கண்ணாடி முன் நின்று, வயிற்றின் குறுக்கே இரு கைகளாலும் பிடியுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே தொடங்கி, நான்கு விரல் அளவாக இறக்கிக்கொண்டே வந்து, ஒவ்வோர் இடத்திலும் நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். இரண்டு இடங்களில் உடம்பு சட்டென்று ஒடுங்கித் தெரியும்: ஒன்று இடுப்பெலும்பின் மேல்முனையை ஒட்டி, மற்றொன்று தொடையின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே. இடைப்பட்ட பகுதி முழுவதும் தவிர்க்க வேண்டியது. தோளின் கழுத்தோரத்திலிருந்து அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, கடையில் அந்த இரண்டு எண்களை மட்டும் தேடுங்கள். குள்ளமானவர்களுக்கு முதல் எண்ணே உகந்தது. நீளமானது அவர்களின் கால்களை விழுங்கிவிடும்.

ஏற்கெனவே வாங்கியது தவறான நீளத்தில் இருந்தால், கம்பளியாக இருக்கும் பட்சத்தில் ரிப்பைத் தளர்த்தலாம். குளிர்ந்த நீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, தட்டையாக விரித்து, ரிப்பை வேண்டிய அகலத்துக்கு இழுத்துத் துருப்பிடிக்காத ஊசிகளால் குத்தி, முற்றிலும் காயும்வரை விட்டுவிடுங்கள். ஓரம் இறுக்கத்தை விட்டு நேராகத் தொங்கும். அடுத்த முறை துவைத்ததும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மென்மையான பின்னலாக இருந்தால், இடுப்பில் ஒரு எலாஸ்டிக் நாடாவைக் கட்டி, ஸ்வெட்டரின் ஓரத்தை அதற்குள் மேலாகச் செருகி உயரத்தைக் குறைக்கவும் முடியும். முன்பக்கத்தை மட்டும் கால்சட்டைக்குள் செருகச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். தடித்த பின்னலில் அது வயிற்றில் ஒரு முடிச்சாகத்தான் நிற்கும்.

ஐந்தாம் படி: கழுத்தும் உள்ளும்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பதும், இங்கே வீடுகளிலும் பேருந்துகளிலும் ஹீட்டர் போட்டிருப்பதும் சேர்ந்துகொள்ளும்போது, தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் ஒரு தண்டனை. முன்பக்கம் திறந்த கார்டிகனே என் தேர்வு. பொத்தான்களைப் போடாமல் விட்டால் நடுவில் தெரியும் உள்சட்டையின் நெடும்பட்டை உடம்பை இரண்டாகப் பிரித்து ஒடுக்கிக் காட்டும் என்ற ஆதாயமும் உண்டு. பக்கங்களில் பெரிய ஒட்டுப்பைகள் இருந்தால் வாங்க வேண்டாம். தாலிக்கொடியின் கொக்கியும் ஜிமிக்கியும் தளர்ந்த பின்னலில் மாட்டிக் கண்ணியை இழுத்துவிடும். கொடியை உள்சட்டைக்குள் போட்டுக்கொண்டு, காதில் ஒட்டிய தோடு அணிவதே பாதுகாப்பு. இழுத்துவிட்ட கண்ணியை வெட்டிவிடாதீர்கள். மழுங்கிய ஊசியால் பின்பக்கமாக இழுத்துவிட்டால் போதும்.

கீழே நேரான கால்சட்டையோ நேரான சல்வாரோ அணியலாம். பட்டியாலா வேண்டாம்.

பின்சேர்க்கை

படித்தவர்களில் பலர், புடவைமேல் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். புடவையில் கொசுவத்தைச் செருகிய இடத்தில் ஏற்கெனவே ஒரு பருமன் இருப்பதால், மேலே சொன்ன இரண்டு நீளங்களில் குட்டையானதுதான் சரி. கொசுவம் தொடங்குமிடத்துக்குச் சற்று மேலேயே ஓரம் முடிய வேண்டும். முந்தானையை ஸ்வெட்டருக்கு வெளியே போட்டால் தோளில் இரண்டு தடிப்புகள் சேரும். மடிப்பெடுத்து ரவிக்கையோடு ஊக்கு குத்தி, அதன்மேல் கார்டிகனை அணிந்து, முந்தானையின் நுனி மட்டும் பின்பக்கம் கீழே தெரியும்படி விடுவது நேர்த்தியாக இருக்கும்.

அக்ரிலிக் ஸ்வெட்டரின் ரிப்பை நனைத்துக் குத்தியும் தளரவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தளராது, அக்ரிலிக் இழை நீருக்கு மசியாது, நீராவிக்குத்தான் மசியும். தட்டையாக விரித்துக் குத்திவிட்டு, நீராவி இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்து, ரிப்பின்மேல் மட்டும் ஆவியைச் செலுத்துங்கள். இப்படித் தளர்ந்தது மீண்டும் இறுகாது. எனவே உள்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே முழுச் சுற்றுக்கும் போக வேண்டும். அதிகம் காட்டினால் துணி கந்தலாகத் துவண்டுவிடும்.