போர்சலின் விளக்குக் கூடு கோணிப்போவது நின்றது

முக்கோணத் துளைகள் வெட்டிய போர்சலின் (ஒளி ஊடுருவும் வெள்ளைப் பீங்கான்) விளக்குக் கூடு. அச்சில் ஊற்றி வார்த்தது, சுவர் 2 மி.மீ. காயும்வரை சரியான வட்டம். சூளையிலிருந்து வரும்போது நீள்வட்டம். பல்பைப் போட்டால் சுவரில் விழும் முக்கோணங்கள் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுத் தெரியும்.

முதலில் சூளைத் தட்டைச் சந்தேகித்தேன். மட்டம் வைத்துப் பார்த்தேன், தட்டில் குறையில்லை. வெப்பத்தை 1280 டிகிரியிலிருந்து குறைத்தேன். கோணல் குறைந்தது, ஆனால் ஒளி ஊடுருவவில்லை. ஒளி வராத போர்சலின் எனக்கு எதற்கு?

அப்புறம் ஒன்று செய்தேன். காயும்போது, சென்னைக் கடற்கரையோரம் பெசன்ட் நகரில், ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் காவிப் பொட்டு வைத்தேன். பென்சில் குறி சூளையில் எரிந்துபோகும், காவியில் இரும்பு இருப்பதால் நிற்கும். சூளையில் கூடுகளை வெவ்வேறு திசையில் திருப்பி வைத்தும், பொட்டை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம்தான் நீண்டிருந்தன. கோணல் சூளையில் பிறக்கவில்லை. மதியம் வீசும் கடல்காற்று அந்தப் பக்கத்தை முந்திக் காயவைத்திருக்கிறது. துளையிட்ட சுவர் இன்னும் வேகமாகக் காயும். ஈரத்தில் ஏறிய அந்த இழுவிசை சூளையில்தான் வெளியே வருகிறது.

இப்போது வெட்டியதும் பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, தினமும் கால்வட்டம் திருப்புகிறேன். சூளையில் வாய்விளிம்பு வட்டம் குலையாமல் தாங்க, அதே மண்ணில் சுடாத வளையம் ஒன்று. இரண்டும் சேர்ந்தே சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் அலுமினாத் தூள் (சூளைச் சூட்டிலும் உருகாத வெள்ளைத் தூள்) தடவாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். வளையம் ஒருமுறைக்குத்தான்.