பூக்கார அக்காவிடம் படத்தைக் காட்டுங்கள்

நீங்கள் எடுத்த போட்டோவைக் கருத்துக் கேட்டு ஒருவர் கையில் கொடுத்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். "அன்னைக்கு வெளிச்சம் சரியில்ல", "கூட்டத்துல இதுக்கு மேல முன்னாடி போக முடியல" என்று நாமே ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவர் படத்தை விட்டுவிட்டு நம்மைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார். முதல் ஒரு நிமிஷம் அவர் பார்க்கட்டும். அவர் கண் எங்கே போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று நீங்கள் பாருங்கள்.

நான் பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். வேலை ஆடிட்டர் ஆபீசில். வவுச்சர் இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ளாத தொழில். அந்தப் புத்தி கேமராவைத் தூக்கினாலும் போவதில்லை. யாராவது "சூப்பர்" என்றால் "எந்த இடம் சூப்பர்?" என்று கேட்டுவிடுவேன். பாதிப் பேர் முழிப்பார்கள். மீதிப் பேர் சொல்லும் பதிலில் ஏதாவது தேறும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். கேள்வியே அப்படி. மாற்றிக் கேளுங்கள். கண் முதலில் எங்கே போச்சு? அடுத்து எங்கே? இங்கே என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க? எதையாவது விரலால் மறைச்சா படம் தேறுமா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் விரல் தானாகவே படத்தின் மேல் போகும். அதற்காகவே நான் 4x6 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போகிறேன். போனில் காட்டினால் விரல் பட்டதும் படம் நகர்ந்துவிடும், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். போன் திரையின் பளபளப்பில் இருட்டான படம்கூடப் பிரகாசமாகத் தெரியும். பேப்பரில் அந்தப் பூச்சு வேலை நடக்காது.

நன்றாக வந்ததை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அதற்கு முன்னால் எடுத்தது, பின்னால் எடுத்தது எல்லாவற்றையும் சேர்த்து மேஜையில் பரப்புங்கள். நாம் தள்ளிவைத்ததை இன்னொருவர் கை சட்டென்று எடுக்கும். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கும் உடனே சொல்லத் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் சொல்வார்.

கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளையே எடுத்துக்கொள்வோம். மாடியில் ஏறி நின்று கீழே பார்த்தால் சாமந்தியும் செண்டுமல்லியும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், மேலே ஆங்காங்கே நீலத் தார்ப்பாய், நடுவே தலைச்சுமையோடு ஆட்கள். இந்த ஊரில் கேமரா வாங்கிய எல்லோரிடமும் அந்தப் படம் ஒன்று இருக்கும், என்னிடமும் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் "கலர்ஃபுல்லா இருக்கு" என்பார்கள். கண் முதலில் எங்கே போச்சு என்று கேட்டால் பெரும்பாலும் தார்ப்பாயைக் காட்டுவார்கள். சுற்றிலும் மஞ்சளாக இருக்கும்போது நீலம்தானே முன்னால் வந்து நிற்கும். பூவை எடுக்கப் போய்த் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

அப்புறம், குறை சொல்பவர் சொல்லும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும்; அவர் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். வயிறு வலிக்கிறது என்று வருபவர் மாத்திரைப் பெயரையும் தானே சொன்னால் டாக்டர் வலியை மட்டும் குறித்துக்கொள்வார் இல்லையா, அப்படித்தான் இதுவும். நான் பிரிண்ட் போடும் லேப்காரர் செண்டுமல்லிக் குவியல் படத்தைப் பார்த்துவிட்டு, "பூவெல்லாம் ஒரே அப்பலா இருக்கு சார், கலரைக் குறைங்க" என்றார். அப்பல் என்றது நூற்றுக்கு நூறு உண்மை. இதழுக்கு இதழ் கோடே தெரியவில்லை, ஆரஞ்சு களிமண் மாதிரிக் கிடந்தது. காரணம் வேறு. ஆரஞ்சுப் பூவில் சிவப்பு மிக அதிகம். கேமராவில் வரும் மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்: இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம்) ஒழுங்காக இருப்பதுபோலக் காட்டும். சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். எடுக்கும்போதே சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டால், பிறகு கலரைக் குறைத்தால் பூ வெளுக்குமே தவிர இதழ்க் கோடு திரும்பி வராது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைக் கேமராவில் போட்டு வையுங்கள். செண்டுமல்லிக்கு வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப், தேவைப்பட்டால் ஒரு முழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். படம் இருட்டாகத் தெரியும். பரவாயில்லை, வீட்டுக்கு வந்து தூக்கிக்கொள்ளலாம்.

என் அண்ணிக்குக் கேமராவில் ஒரு பட்டன்கூடத் தெரியாது. கடைக்கார அம்மா ஒருவரின் படத்தைப் பார்த்து, "இவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். தார்ப்பாய் வழியாக இறங்கிய நீல வெளிச்சம் முழுக்க அந்த அம்மாவின் முகத்தில். வெளிச்சத்தின் நிறத்தை ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸை மாற்றி முகத்தைச் சரிசெய்தால், வெளியே வெயிலில் கிடக்கும் வெள்ளை மல்லி மஞ்சளித்துவிடும். ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம் இருந்தால் ஒரு பட்டனால் தீராது. எடை போட அவர் முன்னால் குனிந்து வெயிலுக்கு முகத்தைக் கொடுக்கும்வரை காத்திருப்பதுதான் வழி. குனியாமலா இருப்பார், அதுதானே அவர் வேலை.

படத்தில் இருப்பவரிடமே காட்டுவது எல்லாவற்றிலும் பெரியது. இதைத்தான் நிறைய பேர் செய்வதில்லை. மார்க்கெட்டில் பூ விற்பவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், பேச்சுக் கொடுக்க நமக்குக் கஷ்டமே இல்லை. கனகாம்பரச் சரத்தை முழம் போடும் ஓர் அக்காவை நெருக்கமாக எடுத்து, அடுத்த வாரம் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல், சரம், பின்னால் மங்கலாகக் கூடை. நாங்கள் கூடும் தர்ஷினியில், அதாவது நின்று சாப்பிடும் ஓட்டலில், எங்கள் கூட்டாளிகள் எல்லோரும் பாராட்டிய படம். அக்கா ஒரு பார்வை பார்த்தார். "என்னா தம்பி, முழங்கையை வெட்டிட்டீங்க? அப்புறம் நான் அளக்கிறேன்னு எப்படித் தெரியும்? பூவைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு." முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. அதில் ஒரு முனை படத்தில் இல்லை என்றால் அளப்பது எங்கே? ஃபிரேமைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வேலை செய்யும் யாரை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த வேலை எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுது, ரெண்டும் படத்துல இருக்கா?

படத்தில் இருப்பவரே "இதை யாருக்கும் காட்டாதீங்க" என்று சொன்னால் காட்டாதீர்கள். அதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை.

இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒருவர் "பின்னாடி இருக்கிற ஆட்டோவை வெட்டுங்க" என்பார், இன்னொருவர் "ஆட்டோவை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டு வாங்க" என்பார். இரண்டு பேரையும் உறுத்தியது அதே ஆட்டோதான். வெட்டுவதா சேர்ப்பதா என்பதை அடுத்த முறை அங்கே நின்றுகொண்டு முடிவு செய்யலாம். "என்ன லென்ஸ்?" என்று மட்டும் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு நகருங்கள், அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை.

கிளப்புகளில் சேர்வது நல்லது. பெங்களூரில் யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1971 முதல் இருக்கிறது. ஆனால் போட்டிக்கு, அவர்கள் வழக்கில் 'சலோன்' (salon) என்பதற்கு, அனுப்பி மார்க் வாங்குவதைக் கருத்து என்று எண்ணிவிடாதீர்கள். நடுவர்கள் வரிசையாக வரும் படங்களுக்குச் சில விநாடிகளில் எண் போடுகிறார்கள். ஏன் அந்த எண் என்று சொல்ல அங்கே நேரமில்லை. உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஓர் ஆள் கிடைத்தால் விடாதீர்கள். இந்த ஊரில் வாழ்ந்து 2017இல் மறைந்த காட்டுயிர்ப் படக்காரர் டி.என்.ஏ. பெருமாள், ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பவரிடம் பழகிக் கற்றவர். ஒருவர் பல வருஷம் நம் படங்களைப் பார்த்தால்தான் "நீ எப்பவும் ஒரு அடி தள்ளியே நிக்கிறே" என்று சொல்ல முடியும். ஒரு படத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியாது.

மற்றவர் படத்துக்கும் நீங்கள் கருத்துச் சொல்லுங்கள். முதலில் பார்த்ததைச் சொல்லுங்கள், அப்புறம் உறுத்தியதைச் சொல்லுங்கள், வைத்தியம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கேட்டுக்கொண்டதைப் பிரிண்டின் பின்பக்கத்திலேயே பென்சிலால் ஒரு வரி எழுதி வையுங்கள்: "முழங்கை", "தார்ப்பாய் நீலம்", "சிவப்பு வழியுது". அடுத்த முறை அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு, அந்த ஒரு வரியோடு போங்கள். வரலட்சுமி பூஜைக்கு முந்தைய நாளும் ஆயுத பூஜை சமயத்திலும் வேண்டாம். நின்று பார்க்கவே இடம் இருக்காது, அக்காக்களுக்கும் நம்மோடு பேச நேரம் இருக்காது. சாதாரண நாளில் போங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பிரிண்டை மட்டும் லேமினேட் செய்து கொடுங்கள். பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், வெறும் பேப்பர் ஒரு நாள் தாங்காது.