விளையாட்டு மருத்துவம் எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

2022இல் ராமநாதபுரத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. "ஸ்போர்ட்ஸ் மெடிசின் எடுக்கலாமா?" என்று கேட்கும் உள்ளூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலர் மனதில் ஓடுவது ஐபிஎல் மைதானம். அதை நம்பி இறங்க வேண்டாம். இந்தக் கரையில் உங்கள் அறைக்கு வரப்போகிறவர்கள் வேறு: திருவிழாக் கபடியில் முட்டியைத் திருகிக்கொண்ட பையன், கரைவலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்ட பெரியவர், பாசி எடுக்க முங்கி முங்கித் தோள் வலிக்கும் மண்டபத்து அக்கா.

எம்பிபிஎஸ்சுக்குப் பிறகு மூன்று வருட எம்.டி. பிஎம்ஆர், அதாவது மறுவாழ்வு மருத்துவம், ஒரு வழி. ஸ்போர்ட்ஸ் மெடிசினில் தனி எம்.டி.யும் உண்டு, இடங்கள் குறைவு. "பிசியோவுக்கா இத்தனை வருஷம்?" என்று வீட்டில் கேட்பார்கள். பிசியோதெரபி தனிப் படிப்பு. நோயைக் கண்டறிவது, ஊசி மருந்தைத் தீர்மானிப்பது, மொத்தத் திட்டம் வகுப்பது மருத்துவர் பொறுப்பு. அதற்காகப் பிசியோவை ஏவலாள்போல நடத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். நோயாளியின் காலைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர் அவர்.

பெரிய தவறு, ஸ்கேனுக்கு வைத்தியம் பார்ப்பது. "ஜவ்வு கிழிஞ்சிருச்சு சார்" என்று பையன் படத்தை நீட்டுவான். வாங்கி ஓரமாக வையுங்கள். திரும்பும்போது 'டப்' என்று சத்தம் கேட்டதா? முட்டி எவ்வளவு நேரத்தில் வீங்கியது? ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு ஜவ்வு மீது சந்தேகம் வர வேண்டும். முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். நல்ல காலில் சட்டென்று ஒரு பிடி தெரியும். கிழிந்த காலில் அந்தப் பிடி இருக்காது.

அறுவை சிகிச்சை முடிந்ததும், "பொங்கல் மேட்சுக்கு இறங்கலாமா சார்?" என்பான். நாள்காட்டியைப் பார்த்துத் தேதி கொடுத்துவிடாதீர்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் இறங்கினால் மறுபடி அடிபடும் ஆபத்து பல மடங்கு. ஒன்பது முடிந்தாலும் அடிபட்ட காலின் தொடைத் தசைக்கு, மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசிக்கு முன் அடுத்த போட்டி எப்போது என்று கேளுங்கள். 2022 முதல் போட்டி நேரத்தில் அது எந்த இடத்தில் போட்டாலும் ஊக்கமருந்துத் தடையில் வரும். பெரியவர்களிடம் சர்க்கரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஊசிக்குப் பின் ஏறும்.

அப்புறம் இன்னொரு தவறு, மீனவரிடம் "ரெண்டு மாசம் கடலுக்குப் போகாதீங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவது. விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அவசரமில்லாத தோள் சிகிச்சையை அதற்குள் வைத்தால் வருமானம் கெடாது. நாட்டுப்படகுக்காரருக்கு அந்தத் தடை இல்லை. அவருக்கு முதலில் கரையில் வலை பழுது பார்க்கும் வேலை, பிறகு பாரம் தூக்காத வேலை என்று படிப்படியாக எழுதிக் கொடுங்கள்.