இரு சக்கர வாகன விபத்து: 108 மருத்துவ உதவியாளர் எதை முதலில் செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையின் வண்டியில் வழக்கமாக இருவர் இருப்பார்கள்: பணியிடத்தில் ‘பைலட்’ என்றே அழைக்கப்படும் ஓட்டுநர், மருத்துவ உதவியாளர். செவிலியர் படிப்போ உயிரியல் சார்ந்த பட்டமோ பெற்று, பயிற்சியும் முடித்து வண்டியேறும் புதிய உதவியாளருக்குச் சிகிச்சை முறைகள் தெரிந்தே இருக்கும். தடுமாற்றம் வருவது எதை முதலில் செய்வது என்பதில்தான்.

வேலை பணிநேரம் மாறும்போதே தொடங்கிவிடுகிறது. முந்தைய பணியாளர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும், வாயில் தேங்கும் இரத்தத்தையும் வாந்தியையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவியை இயக்கிப் பார்த்து, ஆக்சிஜன் உருளையின் அழுத்தத்தையும் நீங்களே படித்துவிடுங்கள். 10 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் முள் 50 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டினால், இரண்டையும் பெருக்க, உள்ளே இருப்பது ஏறத்தாழ 500 லிட்டர்; நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் 50 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மலைப்பாதையில் அது போதாது.

போகும் வழியிலேயே அழைத்தவரிடம் பேசி, எத்தனை பேருக்கு அடி, யாருக்காவது நினைவில்லையா என்று கேளுங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், தண்ணீரோ சோடாவோ புகட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். (சோடா கொடுப்பவர் அன்பினால்தான் கொடுக்கிறார், ஆனால் நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.)

இடத்தை அடைந்ததும் பிற வாகனங்கள், அறுந்த மின்கம்பி, சிந்திய பெட்ரோல் ஆகியவற்றைப் பார்த்த பிறகே இறங்குங்கள். பலர் அடிபட்டிருந்தால், அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது என்பது அலறலிலேயே தெரிகிறது. ஆகவே சத்தமின்றிக் கிடப்பவரிடம் முதலில் செல்லுங்கள். பீறிடும் இரத்தத்தை அழுத்திப் பிடியுங்கள். கை கால் காயத்தில் அழுத்தியும் நிற்கவில்லையென்றால், மூட்டைத் தவிர்த்து, காயத்துக்குச் சுமார் 5 செ.மீ. மேலே டூர்னிக்கே (இரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூச்சுப்பாதை. கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால், தலையைப் பின்னுக்குச் சாய்க்காமல் கீழ்த்தாடையை மட்டும் முன்னே தள்ளித் திறக்க முயலுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற இருவர் வேண்டும்: ஒருவர் கீழிருந்து தாடையையும் பின்தலையையும் அசையாமல் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டின் பக்கங்களை விரித்து மெதுவாக உருவுவார். மூச்சும் நாடியும் இல்லாதவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும்.

என் பார்வையில் மிக ஆபத்தான சொல், கூட்டத்தில் எவராவது சொல்லும் ‘குடிச்சிருக்காரு’ என்பதே. வாசனை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குழறும் பேச்சுக்குத் தலைக்குள் கசியும் இரத்தமோ தாழ்ந்த சர்க்கரையோ காரணமாக இருக்கவும் கூடும். குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். இரு கண்மணிகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

உள்ளே இரத்தம் கசிவதாகச் சந்தேகம் இருந்தால் சாலையோரத்தில் நேரத்தைக் கடத்தாதீர்கள். ட்ரிப் போடுவதை ஓடும் வண்டியில் செய்துகொள்ளலாம். சிடி ஸ்கேனும் அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனையே இவருக்குத் தேவை என்பதால், அருகில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். செலவை எண்ணி உறவினர் தயங்கினால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்கான செலவை, வரையறுக்கப்பட்ட தொகை வரை, அரசு ஏற்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஒப்படைக்கும்போது விபத்து நடந்த விதமும் நேரமும், கண்ட காயங்கள், எடுத்த அளவுகள், கொடுத்த சிகிச்சை என்ற வரிசையில் சொல்லுங்கள். நினைவுநிலையை முதலில் பார்த்தபோதும் கடைசியாகப் பார்த்தபோதும் எப்படி இருந்தது என்று இரண்டாகச் சொன்னால், நிலை மோசமாகிறதா என்பது மருத்துவருக்கு உடனே விளங்கும். கைப்பேசி, நகை, பணம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்ட்ரெச்சரைக் கழுவி, தீர்ந்தவற்றை நிரப்பி, உருளையின் முள்ளை மறுபடியும் பார்த்த பின்னரே வண்டி தயார் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவியுங்கள்.